தோலை உரித்துவிட்டுச் சாப்பிடும் ரோஸ்ட் சிக்கன்: கலோரியை எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி: கோவை_ஓடிஜி

வாரம் ஒருமுறை ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின்சார அவன்) முழுக்கோழி ரோஸ்ட். கடையில் தோலோடு, வெட்டாமல் வாங்குவது. சுத்தம் செய்த எடை 1.25 கிலோ. 100 கிராம் தயிர், 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி, அடித்தட்டில் உருளைக்கிழங்கு பரப்பி, 200 டிகிரியில் ஒரு மணி பத்து நிமிடம். வேகும்போது தோல் இருக்கும். தட்டுக்கு வந்ததும் தோலை உரித்து ஒதுக்கிவிட்டுக் கறி மட்டும்.

இதைக் கலோரி கணக்குப் போடும் ஆப்பில் ஏற்றும்போதுதான் சிக்கல்.

1. 100 கிராமுக்கு 120, 165, 190, 239 என்று நாலு எண் வருகிறது. ஒரு பதிவில் 690 என்றே இருக்கிறது! இதில் எது என் தட்டுக்கு?
2. தோலோடு வெந்தால் அதன் கொழுப்பு கறிக்குள் இறங்கிவிடும், பிறகு உரித்து என்ன பயன் என்கிறார்கள். உண்மையா?
3. எலும்போடு இருக்கும் லெக் பீஸை எப்படி நிறுப்பது?
4. மேலே தடவிய எண்ணெயும் தயிரும் கணக்கில் வருமா?

1 கிராம் துல்லியமுள்ள கிச்சன் தராசு இருக்கிறது.

---

பதில் 1: கிராம்_கணக்கு

அந்த ஐந்து எண்ணுமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளுக்கு உரியது, அவ்வளவே. முதல் நாலும் அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலிலிருந்து வருபவை. பெரும்பாலான ஆப்களும் அங்கிருந்துதான் எடுக்கின்றன.

120: தோலில்லாத நெஞ்சுக்கறி, பச்சையாக.
165: அதே நெஞ்சுக்கறி, ரோஸ்ட் ஆன பிறகு, தோலில்லாமல்.
190: முழுக்கோழியின் எல்லாக் கறியும் கலந்து, ரோஸ்ட், தோலில்லாமல்.
239: முழுக்கோழி, ரோஸ்ட், தோலோடு.
690: அது கலோரியே இல்லை, கிலோஜூல். 4.184ஆல் வகுத்துப் பாருங்கள், 165 வரும். ஆஸ்திரேலியப் பட்டியலும், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்தியப் பட்டியலும் கிலோஜூலில்தான் தருகின்றன. யாரோ ஒருவர் அலகைப் பார்க்காமல் ஆப்பில் ஏற்றியிருப்பார்.

உங்கள் தட்டுக்கு வேண்டியது "கறி மட்டும், ரோஸ்ட் செய்தது" என்ற வரி. அதிலும் பாகம் பார்த்துப் போட்டால் நல்லது. நெஞ்சு 165, லெக் பீஸ் 172, இறக்கை 203, தொடை 209. தொடைக்கும் லெக் பீஸுக்கும் அதே பட்டியலின் பிந்திய பதிப்பில் 179, 155 என்று குறைத்திருக்கிறார்கள். கறுப்புக் கறியில் (தொடை, லெக் பக்கத்துக் கறி) கோழிக்குக் கோழி கொழுப்பு மாறும் என்பதால் எந்த எண்ணும் உங்கள் கோழிக்கு அச்சாகப் பொருந்தாது. தொடையும் லெக்கும் சேர்ந்த ஃபுல் லெக்குக்கு 190 என்று வைத்துக்கொண்டால் குறைத்துக் காட்டும் பிழை வராது. நெஞ்சுக்கு 165ஐ நம்பலாம்.

எல்லோரும் சறுக்கும் இடம் பச்சை எடையும் வெந்த எடையும்தான். ரோஸ்ட் ஆகும்போது கறியில் கால் பங்குக்கு மேல் எடை போய்விடும்; போவதில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் பச்சை நெஞ்சு அடுப்பிலிருந்து 73 கிராம் போல வரும். 120ஐ 0.73ஆல் வகுத்தால் 164. ஆகப் பட்டியலின் இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இப்போது பாருங்கள்: வெந்த கறி 150 கிராம் நிறுத்துவிட்டு, ஆப்பில் பச்சை வரியைத் தேர்ந்தெடுத்தால் 180 கலோரி காட்டும். உண்மையில் சாப்பிட்டது 248. மாற்றிச் செய்தால், அதாவது பச்சையாக 200 கிராம் நிறுத்து வெந்த வரியைப் போட்டால், 240க்குப் பதில் 330 ஏறும். தினமும் கோழி சாப்பிடுகிறவருக்கு இந்த ஒரு தவறே மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். ஓடிஜியில் கூடுதலாக இருபது நிமிடம் விட்டுக் கறி நார் நாராகக் காய்ந்துபோனால், அதே 100 கிராமில் தண்ணீர் குறைவு, கறி அதிகம். கலோரியும் 165ஐத் தாண்டும். தொடையின் தடிப்பான இடத்தில் வெப்பமானி 74 டிகிரி காட்டினால் வெந்தாயிற்று, 80 வரை போனால் கால்பக்கம் எலும்பிலிருந்து சுலபமாகக் கழன்றுவரும். அதற்கு மேல் விட்டால் காய்வது நெஞ்சுக்கறி.

கொழுப்பு இறங்கும் கதைக்கு வருவோம். கோழிக்குக் கொழுப்பு பெரும்பாலும் தோலிலும் அதன் அடியிலும்தான். சூட்டில் அது உருகித் தட்டில் வழிகிறது. அந்த நேரத்தில் கறியின் நார்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்; வெளியே பிழியப்படும் பஞ்சுக்குள் எண்ணெய் எப்படிப் போகும்? மேற்பரப்பில் கொஞ்சம் ஒட்டும், தொடைப் பக்கம் சற்றுக் கூட. ஆனால் ரோஸ்ட் வரியின் எண், ரோஸ்ட் ஆன கறியைச் சோதித்து எடுத்தது; பச்சைக் கறியிலிருந்து பெருக்கி எடுத்ததல்ல. அதனால் தனியாக எதையும் கூட்ட வேண்டாம். தோலோடு வேகவைத்துப் பிறகு உரிப்பதுதான் நல்ல முறை. முன்பே உரித்துவிட்டுச் சுட்டால் கறி காயும், அதைச் சரிக்கட்ட எண்ணெய் தடவுவீர்கள், அந்த எண்ணெய் நேராகக் கறியோடு வயிற்றுக்குப் போகும்.

எலும்புக்கு: சாப்பிடும் முன்பு ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை நிறுங்கள். காலித் தட்டைத் தராசில் வைத்து டேர் பட்டனை (எடையைப் பூஜ்ஜியமாக்கும் பட்டன்) அழுத்தி, ஃபுல் லெக்கை வையுங்கள். 214 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டு முடித்து, எலும்பு, குருத்து, உரித்த தோல் எல்லாவற்றையும் அதே தட்டில் போட்டு நிறுத்தால் 85. உள்ளே போனது 129 கிராம்; 129 × 1.9 = 245 கலோரி. எலும்புக்கு இத்தனை சதவீதம் என்று ஊகிக்கிற வேலையே இல்லை. லெக் பீஸ் நுனியைக் கடித்துச் சப்புகிற ஆளாக இருந்தால் அந்தக் குருத்தும் கறிக் கணக்கில் ஏறும். 5 கிராமுக்குப் பத்து கலோரி கூடக் காட்டினால் ஒன்றும் முழுகிவிடாது.

---

பதில் 2: அடுப்பங்கரை

நாலாவது கேள்விக்கு மட்டும் சொல்றேன். கறிக் கணக்கை மேலே அவர் முடிச்சுட்டார்.

2 டேபிள்ஸ்பூன் எண்ணெய்னா 27 கிராம், 240 கலோரி. 100 கிராம் தயிர் ஒரு 60. மசாலாத்தூள் கணக்குல எடுக்கிற அளவுக்கு வராது. இந்த 300ஐயும் அப்படியே ஏத்தவும் கூடாது, ஒண்ணுமே இல்லைன்னு விடவும் கூடாது. மசாலா எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாருங்க.

கோழியைக் கீறாம, தோல் மேல மட்டும் தடவியிருந்தா அதுல பெரும்பகுதி தோலோடயே உரிஞ்சு வந்துடும், மிச்சம் தட்டுல வழிஞ்சிருக்கும். அப்போ மூணுல ஒரு பங்கு, அதாவது 100 கலோரி, முழுக்கோழிக்கும் சேர்த்துப் போட்டாப் போதும். ஆனா நம்ம பழக்கம் தொடையிலயும் நெஞ்சுலயும் ஆழமா ரெண்டு கீறு போட்டு மசாலாவை உள்ளே திணிக்கிறது. அப்படின்னா பாதி போடுங்க. தோலுக்கும் கறிக்கும் நடுவுல விரலை விட்டு வெண்ணெய் தடவுற ஆளுங்களுக்கும் பாதிதான். இது அளந்து எடுத்த எண் இல்லை, கைக்கணக்கு. சரியா வேணும்னா மசாலாக் கிண்ணத்தைத் தடவுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறுங்க. கிண்ணத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறது நாம நினைக்கிறதை விட நிறைய.

இப்போ உங்க உருளைக்கிழங்கு! தோலை ஒதுக்கிட்டேன்னு சந்தோஷப்படுறீங்க, அந்தத் தோல்ல இருந்து உருகின நெய் முழுக்க எங்கே போச்சு? கீழே இருக்கிற கிழங்குலதான். வேகவைச்ச கிழங்கு 100 கிராமுக்கு 87 கலோரி. கோழிக்கு அடியில கிடந்த கிழங்குக்கு 100 கிராமுக்குக் குறைஞ்சது ஒரு டீஸ்பூன் கொழுப்பு, இன்னொரு 40 கலோரி, சேர்த்துக்கணும். ஒரு டேபிள்ஸ்பூன் கோழிக்கொழுப்பு 115 கலோரி. கிழங்கு மேல தட்டுச் சாற்றையும் எடுத்து ஊத்திக்கிறவங்க இதைத்தான் ஊத்துறாங்க.

இதுக்கு வழி இருக்கு. கோழியைக் கம்பி ஸ்டாண்டு மேல வச்சு, அடியில வெறும் தட்டு. கிழங்கு தனித் தட்டுல, தனியா ஒரு டீஸ்பூன் எண்ணெயோட. வழிஞ்ச சாற்றை டம்ளர்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் வச்சா மேல வெளிர் மஞ்சளா ஆடை மாதிரி உறையும். அதை ஸ்பூனால வழிச்சுப் போட்டுட்டா அடியில நிக்கிறது ஜெல்லி மாதிரி வெறும் சாறு. கிரேவிக்கு அதை எடுங்க, ருசி முழுக்க அதுலதான் இருக்கு, கலோரி கம்மி.

உரிக்கும்போது இன்னொண்ணு. நெஞ்சுத் தோல் சட்டை கழட்டுற மாதிரி வந்துடும். தொடையோட உள்பக்கமும் வால் பக்கமும் அப்படி வராது. தோல் வந்த பிறகும் மஞ்சளா, வழுவழுன்னு ஒரு கட்டி ஒட்டிக்கிட்டே நிக்கும். கத்தி முனையால அதைச் சுரண்டிடுங்க. அதை விட்டுட்டா "தோலில்லாத தொடை"ங்கிற கணக்கு பேருக்குத்தான். சுடுறதுக்கு முன்னாடியே, கோழி வயித்து வாசல்ல தொங்குற கொழுப்பைக் கையால பிடிச்சு இழுத்தா மொத்தமா வந்துடும், அப்பவே வேலை சுலபம்.

---

பதில் 3: ஃபிட்_மதுரை

இவ்வளவு கணக்கு எதுக்கு பாஸ்? தோலை எடுத்தா கலோரி பாதியாகும். தோலோட இருக்கிற எண்ணைப் பார்த்து ரெண்டால வகுத்துட்டுப் போங்க.

---

பதில் 4: கிராம்_கணக்கு

@ஃபிட்_மதுரை: பாதியாவது இறக்கையில் மட்டும்தான். அதே பட்டியல் துண்டுவாரியாக இப்படித் தருகிறது. எல்லாம் எலும்பு நீக்கிய, ரோஸ்ட் ஆன எடை:

அரை நெஞ்சு: தோலோடு 98 கிராம், 193 கலோரி. தோலில்லாமல் 86 கிராம், 142.
தொடை: தோலோடு 62 கிராம், 153. தோலில்லாமல் 52 கிராம், 109.
லெக் பீஸ்: தோலோடு 52 கிராம், 112. தோலில்லாமல் 44 கிராம், 76.
இறக்கை: தோலோடு 34 கிராம், 99. தோலில்லாமல் 21 கிராம், 43.

துண்டுகள் சிறியவை, இன்று கடையில் கிடைக்கிற கோழியில் எடை கூட இருக்கும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். நெஞ்சிலும் தொடையிலும் லெக்கிலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் குறைகிறது. இறக்கையில் மட்டும் பாதிக்கு மேல், ஏனென்றால் அதில் கறியைவிடத் தோல்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நெஞ்சுக்கறியைப் பாதியாக வகுத்தால் 142க்குப் பதில் 97 என்று எழுதுவீர்கள்.

இதிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. 100 கிராம் கணக்கில் ஒப்பிட்டால் நெஞ்சு தோலோடு 197, தோலில்லாமல் 165. வெறும் 16 சதவீதம்தான் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் துண்டில் குறைந்தது 193க்கு 142, அதாவது 26 சதவீதம். தோலை எடுத்ததும் துண்டின் எடையே குறைகிறதே! 100 கிராம் ஒப்பீட்டில் போன தோலின் இடத்தைக் கூடுதல் கறி நிரப்பிவிடுகிறது. ஆகவே தோலோடு நிறுத்துவிட்டு, உரித்துச் சாப்பிட்டு, ஆப்பில் "98 கிராம், தோலில்லாதது" என்று போட்டால் 162 காட்டும்; சாப்பிட்டது 142தான். உரித்த பிறகு நிறுங்கள், அல்லது மீதியைக் கழியுங்கள்.

ரோஸ்ட் ஆன தோல் தனியாக 100 கிராமுக்கு 454 கலோரி. ஒதுக்கி வைத்த தோலில் மொறுமொறுவென்று இருக்கிற ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டாலும் 10 கிராமுக்கு 45 கலோரி. அதையும் மனசாட்சியோடு ஏற்றிவிடவும்.

---

கோவை_ஓடிஜி

எல்லோருக்கும் நன்றி. மீதியைக் கழிக்கிற முறை பிடிபட்டது. வீட்டில் நாலு பேர் ஒரே கோழியிலிருந்து எடுக்கும்போது ஆளுக்கு ஆள் தட்டை நிறுக்க முடியாது. அதற்கு வழி உண்டா? இன்னும் இரண்டு சந்தேகம். ஆப்பில் நெஞ்சுக்கறிக்குப் புரதம் 31 கிராம், கொழுப்பு 3.6 கிராம் என்று இருக்கிறது. 31ஐ நாலாலும் 3.6ஐ ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் 156தானே வருகிறது, 165 எப்படி? அடுத்து, சாயங்காலக் கடையில் வாங்கும் கிரில் சிக்கனுக்கும் இதே எண்கள்தானா?

---

பதில் 5: கிராம்_கணக்கு

156க்கும் 165க்கும் நடுவில் ஒன்பது கலோரி காணாமல் போகவில்லை. 4, 9 என்பது எல்லா உணவுக்கும் பொதுவான பெருக்கெண். அமெரிக்கப் பட்டியல் கோழிக்கென்று தனிப் பெருக்கெண் வைத்திருக்கிறது: புரதத்துக்கு 4.27, கொழுப்புக்கு 9.02. 31.02 × 4.27 = 132.5; 3.57 × 9.02 = 32.2, கூட்டினால் 165. பாக்கெட் லேபிள்களில் பெரும்பாலும் 4, 9 முறைதான். அதனால் ஒரே கறிக்கு லேபிளும் பட்டியலும் ஐந்தாறு சதவீதம் முரண்படும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று இது, நாளை அது என்று தாவினால் வார ஒப்பீடு கெடும்.

நாலு பேருக்கு: பரிமாறும் முன்பே முழுக்கோழியையும் உரித்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் கை சுடாது, சாறும் கறிக்குள் நிற்கும். நெஞ்சும் இறக்கையும் ஒரு கிண்ணம். தொடை, லெக், முதுகில் ஒட்டியிருக்கும் கறி எல்லாம் இன்னொரு கிண்ணம். முதுகெலும்புக்குப் பக்கத்தில் இரண்டு குழியில் உருண்டையாக இரண்டு கறி உட்கார்ந்திருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் 1.25 கிலோ கோழியில் உதாரணத்துக்கு 220 கிராமும் 210 கிராமும் வந்தால்: 220 × 1.65 = 363; 210 × 1.9 = 399; மொத்தம் 762. கீறிய கோழி என்றால் மேலே அக்கா சொன்னபடி எண்ணெய் தயிருக்கு 150 சேர்த்து 912. அதை 430 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 2.1 கலோரி. ஆப்பில் "எங்கள் வீட்டு ரோஸ்ட்" என்று ஒரு ரெசிபியாக இதைப் பதிந்துவிட்டால், பிறகு ஆளாளுக்கு எடுத்த கிராமைத் தட்டினால் போதும்.

உரிக்கவும் நேரமில்லை, தராசும் பக்கத்தில் இல்லை என்றால் கடை எடையிலிருந்து போகலாம். தோலோடு வாங்கிய சுத்தம் செய்த கோழியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் தோலும் எலும்பும் நீக்கிய வெந்த கறியாகத் தட்டுக்கு வரும். 1.2 கிலோ வாங்கினால் 400 கிராம். 190 கணக்கில் 760 கலோரி. பாதிக் கோழி 380. கடைக்காரர் சொல்வது உயிர் எடையா, சுத்தம் செய்த எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ உயிர்க்கோழி தோலோடு சுத்தம் செய்தால் 1.4 கிலோ அளவில்தான் நிற்கும். இதெல்லாம் பிராய்லருக்கு. நாட்டுக்கோழியில் எலும்பு அதிகம், கறி குறைவு, தோலடிக் கொழுப்பும் குறைவு. அங்கே இந்த மூன்றில் ஒரு பங்கு செல்லாது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உறைந்த கோழி வாங்கினால் கவரைத் திருப்பி உப்பு நீர் சேர்த்ததா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் பச்சை எடையில் ஒரு பகுதி தண்ணீர். பச்சை எடையை வைத்துப் போடும் கணக்கு கூடவே காட்டும்.

---

பதில் 6: அடுப்பங்கரை

கிரில் சிக்கனுக்கு: கறிக்கு அதே எண்தான். கம்பியில சுத்திக்கிட்டே வேகுறதால கொழுப்பு நல்லா வழிஞ்சிடும், தோலை உரிச்சிட்டா வீட்டு ரோஸ்ட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் வராது. ஹாஃப், குவார்ட்டர்ங்கிறது அளவே இல்லை, கடைக்குக் கடை கோழி மாறும். பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுங்க. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டா, விரலை விட்டுட்டு உள்ளங்கை அகலமும் தடிப்பும் இருக்கிற கறி ஏறக்குறைய 100 கிராம்னு வச்சுக்கலாம். கடையில எண்ணெய் பிரஷ் போட்டுத் தடவுவாங்க, கீறலும் இருக்கும். அதனால கால் கோழிக்கு 40, 50 கூட்டிக்கோங்க. தந்தூரி வேற. அதுல தோலை முன்னாடியே எடுத்துட்டுத்தான் மசாலா போடுவாங்க, தடவினது முழுக்கக் கறி மேலயே இருக்கும். அங்கே உரிக்கவும் ஒண்ணும் இல்லை, கழிக்கவும் ஒண்ணும் இல்லை.

கிரில்ல கணக்கு உதைக்கிற இடம் பக்கத்துல இருக்கிற மயோனைஸ். அந்தச் சின்னக் கப்ல 30 கிராம்னா 210 கலோரி. 127 கிராம் நெஞ்சுக்கறியும் அதே 210தான். கூட வர்ற குபூஸ் ரொட்டி 100 கிராமுக்கு 275. 70 கிராம்ல ஒண்ணுன்னா 190. ரெண்டு குபூஸ், ரெண்டு கப் மயோன்னு போனா 800 தாண்டிடுச்சு, இன்னும் கோழியைத் தொடவே இல்லை. மயோவைக் கேட்காம எக்ஸ்ட்ராவா வச்சாலும் திருப்பிக் கொடுத்துட்டு, எலுமிச்சம்பழமும் வெங்காயமும் கூட ஒரு தட்டு கேளுங்க.

---

கோவை_ஓடிஜி

ஞாயிற்றுக்கிழமை கிழங்கைத் தனித் தட்டுக்கு மாற்றிவிட்டு, இரண்டு கிண்ணமாக உரித்து நிறுத்து எண்களை இங்கே போடுகிறேன். மயோ விஷயத்தை வீட்டில் சொன்னால் என்னை வெளியே நிறுத்திவிடுவார்கள்.